ஆணியில் தொங்கிய டோக்கன்

ஐந்து வருஷம் வேலை நேரத்தில் நான் ஒரு நாள்கூட பாத்ரூம் போனதில்லை. வெட்கப்பட வேண்டிய இந்த விஷயத்தை, மருத்துவமனையில் படுக்கும் வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சீஃப் கெஸ்ட் வந்த ஒரு கூட்டத்தில் எங்கள் ஃபேக்டரி மேனேஜர் இதை மைக்கிலேயே சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் எழுந்து கும்பிட்டேன்.

என் பெயர் கலாவதி. வீடு பெங்களூர் மர்பி டவுனில். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் ஃப்ளோர் இன்சார்ஜ். பதினெட்டு வயதில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள், செக்கர், சூப்பர்வைசர் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தேன். இப்போது என் கீழே நாலு லைன், இருநூற்று நாற்பது பெண்கள். லைன் என்றால் வரிசையாக அறுபது மிஷின். முதல் மிஷினில் காலர் தொடங்கினால் கடைசி மிஷினில் முழுச் சட்டையாக வெளியே வரும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதனால் இன்சார்ஜ் ஆன முதல் மாதமே ஓர் ஏற்பாடு செய்தேன். லைனுக்கு ஒரு டோக்கன். உள்ளங்கை அகலத்தில் சிவப்பு பிளாஸ்டிக் வட்டம், அதில் லைன் நம்பர். என் மேஜைக்குப் பின்னால் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டினேன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் என் முன்னால் வந்து, டோக்கனை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து மாட்ட வேண்டும். ஒரு சமயத்தில் லைனுக்கு ஒருத்திதான். யாராவது முணுமுணுத்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. “நானே டோக்கன் தொடறதில்ல. நான் மனுஷி இல்லியா?” அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

ரகசியம் ஒன்றும் இல்லை. நான் தண்ணீர் குடிப்பதில்லை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி, மத்தியானம் சோறு தொண்டையில் இறங்க இரண்டு மடக்கு. மற்றபடி சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் எல்லாம். பொறுப்பில் இருப்பவள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நம்பினேன்.

இரண்டாயிரத்து ஒன்றில், வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில், ஒரு பெரிய ஷிப்மெண்ட் வாரம். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் வலித்தது. நாளெல்லாம் நிற்பதால் என்று நினைத்தேன். சிறுநீர் போகும்போது எரிந்தது. உடம்புச் சூடு என்று இரண்டு நாள் மோர் குடித்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். ஃபேக்டரி ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஃப்ளோருக்கு வந்தேன். நாலாம் நாள் மத்தியானம் கட்டிங் டேபிள் பக்கம் நின்றிருந்தபோது பல் கிட்டித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சட்டைத் துணி ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டு, “பீஸ் எவ்ளோ ஆச்சு?” என்று கேட்டது வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தரை.

கண் திறந்தபோது ஆட்டோவில் இருந்தேன். என் தலை மஞ்சுளா மடியில் கிடந்தது. நாலாவது லைனில் காலர் தைக்கிறவள், ஓசூர்க்காரி, வாய் ஓயாதவள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

காஷுவாலிட்டியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், பட்டையைக் கழற்றி மறுபடி கட்டிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். நர்ஸ் ஓடுவதைப் பார்ப்பது மாதிரி பயங்கரம் வேறில்லை. டாக்டர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கன்னடக்காரர். அவர் கன்னடத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள்?”

“காலையில ஆறு மணிக்கு.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. “தினமும் இப்படித்தானா?”

“அஞ்சு வருஷமா இப்படித்தான் டாக்டர்.” பிராணன் போகிற நேரத்திலும், மேனேஜர் மைக்கில் சொன்ன அதே குரலில் சொன்னேன். அவர் கை தட்டவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டுவார்கள், வலிக்காது. ஆனால் பார்க்கிறவர் முகம் மாறுவது தெரியும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயில் துவரம்பருப்பு அளவு ஒரு கல் வந்து அடைத்திருக்கிறது. அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி, சீழாகி, சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. இன்னொரு பக்கத்துச் சிறுநீரகமும் அந்த விஷத்தில் சோர்ந்து போயிருக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். உடம்பு தள்ள வேண்டிய கழிவு அது. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு நாலரை.

என் வீட்டுக்காரர் சேகர் பீன்யாவிலிருந்து, லேத் பட்டறை எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். அவரிடம் டாக்டர் சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. இன்றைக்கே உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்து அடைப்பைத் தாண்டி வழி விட வேண்டும். ஸ்டெண்ட் என்று பெயர். வைத்தாலும் சிறுநீரகம் மறுபடி வேலை செய்யுமா என்பது இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். செய்யவில்லை என்றால் டயாலிசிஸ். அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து மிஷினில் கழுவி மறுபடி உடம்பில் ஏற்றுவது. “அது கொஞ்ச நாளா, இல்ல வாழ்நாள் பூராவா சார்?” என்று சேகர் கேட்டார். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்தார்.

சாவைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. மிஷின் என்ற சொல்லைத்தான் நினைத்தேன். இருநூற்று நாற்பது மிஷினை ஓட்டியவள் ஒரு மிஷினில் கட்டப்பட்டுக் கிடக்கப் போகிறேன். சேகர் திரைக்குள் வந்து, “ஃபேக்டரிக்கு இன்னா சொல்றது?” என்றார். அப்போதும் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள். “காய்ச்சல்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத” என்றேன். ஒண்ணுக்கு அடக்கியே விழுந்தாள் என்று நாலு லைனும் பேசுவதை என்னால் தாங்க முடியாது என்று பட்டது.

குழாய் வைத்து ஐ.சி.யு.வுக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே பகல் இரவு எல்லாம் ஒரே வெளிச்சம். சிறுநீருக்கு வேறொரு குழாய் போட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு பை தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் நர்ஸ் குனிந்து அந்தப் பையில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து, கால்மாட்டில் இருக்கும் தாளில் எழுதுவாள். முப்பது மில்லிக்கு மேல் வந்தால் நல்லது. எனக்கு எட்டு. அடுத்த மணி பத்து. அடுத்த மணி ஆறு.

எங்கள் ஃப்ளோரிலும் இதே மாதிரி ஒரு போர்டு உண்டு. ஒவ்வொரு மணிக்கும் எத்தனை சட்டை என்று சாக்பீஸால் எழுதுவோம். டார்கெட் எண்பது. எழுபத்தைந்து என்று வந்தால் நான் அந்த லைன் முன்னால் போய் நிற்பேன். பேசக்கூட மாட்டேன், சும்மா நிற்பேன், மிஷின்கள் வேகம் பிடிக்கும். இப்போது என் உடம்பு முன்னால் லீலா சிஸ்டர் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், எங்கள் பக்கத்து லிங்கராஜபுரம். அவர் முறைக்கவில்லை. “வரும்மா, பொறுமையா இரு” என்று பையைத் தட்டிவிட்டுப் போனார். ஐந்து வருஷம் வராதே வராதே என்று அடக்கியதை, இப்போது ஒரு சொட்டு வா, இன்னொரு சொட்டு வா என்று கெஞ்சிக்கொண்டு கிடந்தேன்.

எதிர்க் கட்டிலில் என் வயது அம்மா ஒருத்திக்கு டயாலிசிஸ் நடந்தது. கழுத்தில் குழாய். பக்கத்தில் பீரோ உயரத்துக்கு மிஷின், அதன் முகத்தில் ரத்தம் சுற்றிச் சுற்றி ஓடுவது தெரியும். நாலு மணி நேரம் அவள் கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பினால் என் பை தெரிந்தது. எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாள் கிரியாட்டினின் ஐந்து புள்ளி எட்டு. அதற்கு மறுநாள் ஆறு புள்ளி ஒன்று. டாக்டர் என் கழுத்தைத் தொட்டு, நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்தார். “நாளைக் காலை வரை பார்க்கலாம்” என்றார். அந்தத் தொடுதல் இன்றைக்கும் கழுத்தில் இருக்கிறது.

சேகரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். வந்து என்னைப் பார்ப்பதற்கு முன் பையைத்தான் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்துவிட்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்லட்டா? தினம் காலைல உன் பாட்டில்ல தண்ணி புடிச்சி வெக்கறேன் இல்ல?”

“ஆமா.”

“சாயங்காலம் நெறஞ்சே வரும். நீ ஃபேக்டரில மறுபடி புடிச்சிக்கினு வர்றேன்னு நெனச்சிக்கினு, கறிவேப்பிலச் செடிக்கு ஊத்திடுவேன். அஞ்சு வருஷமா ஊத்தறேன், கலா. ஒரு நாள் கேட்டிருக்கலாம்.”

அந்தச் செடி வீட்டு ஓட்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. எல்லோரும் கேட்பார்கள், என்ன உரம் போடறீங்க என்று. எனக்கு அழுகை வந்தது. அழுதால் நீர் வீணாகுமோ என்று அதையும் அடக்கினேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் பயத்தில் அப்படித்தான் தோன்றியது. என் நாத்தனார் சரோஜா, என்னோடு ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள், தினமும் இரண்டு பஸ் மாறி வந்து வெளியே உட்கார்ந்திருந்தாளாம். ஒரு நாள் உள்ளே விட்டபோது என் தலையைச் சீவிப் பின்னிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் விடியற்காலை பதினாலு. ஆறு மணிக்கு இருபத்திரண்டு. ஏழு மணிக்கு லீலா சிஸ்டர் குனிந்து பார்த்து, நிமிராமலே “நாப்பது” என்றார். டயாலிசிஸுக்கான சம்மதத் தாளை டாக்டர் மடித்து ஃபைலுக்குள் வைத்தார், கிழிக்கவில்லை. “இன்னும் எதுவும் சொல்ல முடியாது” என்றார். ஆனாலும் எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் மஞ்சுளா வந்தாள். கையில் கோயில் குங்குமம், இரண்டு சாத்துக்குடி. முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், லைன் ஃபோர் பத்தி நீங்க சிந்தையே பண்ணாதீங்க. ஷிப்மெண்ட் டைமுக்குப் போயிடும். உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு நாங்க எல்லாம் ஒண்ணு முடிவு பண்ணிட்டோம்.”

“என்னடி முடிவு?”

“நீங்க எழுந்து வர்ற வரிக்கும் ஒருத்தரும் டோக்கன் தொடறதில்லன்னு. வேண்டுதல் மாதிரி. நாலு நாளாச்சு மேடம், ஆணியில அப்படியே தொங்கிக்கினு இருக்குது. மணிக்கு எண்பத்தஞ்சு, எண்பத்தாறு பீஸ் போவுது! லைன் ரெண்டும் மூணும்கூட எங்களப் பாத்து ஆரம்பிச்சிட்டாங்க.”

எழுந்து உட்காரப் பார்த்தேன். குழாய் இழுத்து வலியில் கண் இருட்டியது. “மடத்தனம் பண்ணாதீங்கடி! போவச் சொல்லு எல்லாரையும்!”

“பேஜார் ஆவாதீங்க மேடம். கஷ்டமே இல்ல. உங்கள மாதிரியே தண்ணி குடிக்கறத நிறுத்திட்டோம்.”

மூன்று லைன். நூற்றெண்பது பெண்கள். அதில் மூன்று பேர் கர்ப்பிணிகள், அவர்கள் பெயர்கூடத் தெரியும் எனக்கு. என் மேல் உள்ள பாசத்தில் என் வியாதியையே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னவள் நான். பையைக் காட்டினேன். “இதப் பாரு. அடக்கி அடக்கித்தாண்டி எனக்கு இந்த நெலம. காய்ச்சல் இல்ல, கிட்னி.”

அவள் மரியாதைக்காக ஒரு தரம் பையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “டாக்டருங்க எதுனா ஒண்ணு சொல்வாங்க மேடம். அஞ்சு வருஷம் நீங்க நல்லாத்தானே இருந்தீங்க? அப்போ எங்களுக்கு நாலு நாளு இன்னா?” என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முன் என் உயிருக்காக மட்டும் பயந்தேன். அந்த ராத்திரி பயம் இரண்டானது. ஒவ்வொரு மணிக்கும் என் பையில் சேர்ந்ததை எழுதும்போது, அங்கே நாலாவது லைனில் சேராததை நினைத்துக்கொண்டேன். மறுநாள் சேகரை ஃபேக்டரி வாசலுக்கு அனுப்பினேன். பாவம், பெண்களிடம் மணி கேட்கவே கூச்சப்படுகிற மனுஷன். ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தவர்களை நிறுத்தி, தண்ணி குடிங்கம்மா, அடக்காதீங்கம்மா என்று சொல்லியிருக்கிறார்.

“இன்னா சொன்னாங்க?”

“சிரிச்சாங்க. மேடம் சொல்லட்டும்னாங்க.”

மேடம் சொல்லியாயிற்று, அவர்கள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? ஐந்து வருஷம் அவர்கள் பார்த்தது வேறு.

பன்னிரண்டு நாள் கழித்து கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பதோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஷிப்மெண்ட் போய்விட்டது. நான் பிழைத்து வீட்டுக்கு வந்த செய்தி கேட்டு, வேண்டுதல் முடிந்தது என்று அவர்கள் டோக்கனைத் தொட ஆரம்பித்தார்களாம். ஆனால் முன்னைவிடக் குறைவாக. எண்பத்தாறு போட முடியும் என்று தெரிந்துவிட்டதால் மேனேஜர் டார்கெட்டையே எண்பத்தைந்து ஆக்கிவிட்டார். இரண்டாவது லைனில் ஒருத்திக்குக் காய்ச்சலும் எரிச்சலும் என்று கேள்விப்பட்டதும் சேகரை அனுப்பி அவளை லீலா சிஸ்டரிடம் கூட்டிப் போகச் செய்தேன். மருந்தோடு போயிற்று. ஆறு வாரம் கழித்து எனக்குக் கல்லை எடுத்தார்கள், உள்ளே வைத்த குழாயையும் எடுத்தார்கள்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். “உங்களுக்கு எப்ப வேணுமோ போங்க கலாவதி. நீங்க இன்சார்ஜ். ஆனா எல்லாருக்கும்னு ஆரம்பிக்காதீங்க. நம்பர் அடிபட்டா நான் உங்களக் காப்பாத்த முடியாது” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த வேலை போனால் இன்னோர் இடத்தில் மறுபடி மிஷினில்தான் உட்கார வேண்டும், நாற்பத்தொரு வயதில்.

மேஜையில் சேகர் கொடுத்த பாட்டில் இருந்தது. எல்லோரும் பார்க்க ஒன்பது மணிக்குக் கால்வாசி குடித்தேன். பத்து மணிக்குள் பாதி. பத்தரை மணி, லைன் முழு வேகத்தில் ஓடுகிற நேரம், அடிவயிறு முட்டியது. பழைய உடம்பு தானாகத் தொடையை இறுக்கிக்கொண்டது. அதை மீறித்தான் எழுந்தேன். சுவரோரம் போய் நாலாவது ஆணியிலிருந்து டோக்கனை எடுத்தேன். பாத்ரூம் ஃப்ளோரின் அந்தக் கோடியில் இருக்கிறது. நாலு லைனையும் தாண்டி, மேனேஜரின் கண்ணாடி அறையையும் தாண்டி நடக்க வேண்டும். மிஷின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. சிவப்பு வட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நடந்தேன்.

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் எழுந்து நின்றிருந்தார். நான் நிற்கவில்லை. என் மேஜைக்குப் பின்னால் மற்ற மூன்று ஆணியும் காலியாக இருந்தன. நாலாவது ஆணிக்குக் கீழே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற மஞ்சுளா கையை நீட்டினாள்.

“சீக்கிரம் குடுங்க மேடம். காலைலேர்ந்து அடக்கிக்கினு இருக்கேன்.”